கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த பப்பாசிப்பழம்

நாற்பத்தேழாவது வயதில் எனக்குப் பால்குடிப் பிள்ளைகளின் வருத்தம் வந்தது. அக்கரம். மூன்று மாதக் குழந்தையின் நாக்கில் தயிர் தடவினதுபோல வெள்ளை படியுமே, அதேதான். குழந்தைக்கு வந்தால் நாலு பேர் கூடி நின்று ஐயோ பாவம் என்பார்கள். கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் கம்பனியில் தலைமைக் கிளாக்காக இருக்கிற, வழுக்கை விழுந்த ஆளுக்கு வந்தால் முதலில் சிரிப்பார்கள். திரும்பத் திரும்ப வந்தால் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். எனக்கு நாலு தரம் வந்தது. அந்தப் பார்வையையும் பார்த்துவிட்டேன்.

இப்போது சுகம். பழப்புளி விட்ட மீன் குழம்பை நல்ல உறைப்போடு சாப்பிடுகிறேன். இந்த நகரத்தில் இன்னும் எத்தனை பேர் வெள்ளை நாக்கோடும் வெறும் பொக்கெற்றோடும் டொக்டருக்கு டொக்டர் அலைகிறார்களோ, அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன் என்று என் மனைவி மங்கையிடம் சொன்னேன்.

"சும்மா கதை விடாதேங்கோ. குலத்தை ஏசத்தான் எழுதப் போறியள்," என்றாள்.

இரண்டும்தான்.

குலம் என்கிற குலேந்திரன் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். ஊரில் சண்டை பெருத்து நாங்கள் கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது, நான் வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டோடு ஒட்டின அனெக்ஸை வாடகைக்கு எடுத்தேன். அவன் காலி வீதியில், பஸ் தரிப்பிடத்துக்கு எதிர்ப்பக்கம், ஒரு பாமசி போட்டான். கந்தோர் முடிந்து வந்தால் நான் நேரே வீட்டுக்குப் போவதில்லை. அவன் கடைக்குள் எனக்கென்று ஒரு ஸ்டூல் இருந்தது. பக்கத்தில் கண்ணாடி அலுமாரி. அதன் மேல்தட்டு என் பிளேன்ரீக் கோப்பைக்கு. வருகிற சனத்துக்குப் பகிடி சொல்லிக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருப்பேன். அவன் மருந்து கொடுப்பான், நான் சிரிப்புக் கொடுப்பேன், காசை அவன் வாங்குவான்.

லண்டனில் இருக்கிற என் தம்பி யோகன் அனுப்புகிற பார்சலும் அந்தக் கடைக்குத்தான் வரும். குலத்தின் மனைவி வழிச் சொந்தக்காரர்கள் அடிக்கடி போய்வருகிறவர்கள். ஒரு ஆளின் இரண்டு பெட்டிக்குள் எட்டுக் குடும்பத்தின் சாமான் வரவேண்டும். அதனால் பிளேன் ஏறுவதற்கு முன்பே எல்லாவற்றையும் உரித்துவிடுவார்கள். பற்பசைக்கு மட்டைப்பெட்டி இராது. சோப்புக்கு உறை இராது. மருந்துக்குள் மடித்து வைத்திருக்கிற கடதாசி இராது. எல்லாம் அம்மணமாக வந்து இறங்கும். குலம் ஒரு பேப்பரைப் பார்த்துப் பார்த்து, இது உனக்கு, இது கிருலப்பனை ரீச்சருக்கு என்று பிரித்துக் கொடுப்பான். எனக்குச் சொக்லேட், சவர அலகு, மங்கைக்கு வாசச் சோப்பு, இரண்டு மண்ணிறப் பஃப்.

பஃப் என்றால் வாய்க்குள் வைத்து அமத்தி இழுக்கிற மருந்துக் குழல். எனக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு, ஆஸ்மா. காலி வீதிப் புகையோடு அது கூடிப்போனது. லண்டன் பஃப் வந்த பிறகு மூச்சு இரைக்காமல் படியேறினேன். பெரிய பெருமை எனக்கு. கந்தோரில் ஆட்கள் பார்க்கத்தக்கதாக எடுத்து இழுப்பேன், பிறகு சேட்டுப் பொக்கெற்றில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

அந்த வருடம் பார்சலில் கடிதம் வருவது நின்றுபோனது.

"காயிதம் ஒண்டும் இல்லையோடா?" என்று குலத்தைக் கேட்டேன்.

"உன்ர தம்பிக்கு எழுத எங்க நேரம்? சொக்லேட் வந்தது காணாதே?"

சரி, லண்டன்காரனுக்கு அண்ணன் கசந்துபோனான் என்று நினைத்தேன். நானும் ரோசக்காரன். நான் எழுதுவதையும் நிறுத்தினேன்.

அதே மாதங்களில்தான் குலத்தின் கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு புதுச் சாமான் தோன்றியது. இரண்டு முனையும் ஒடுங்கி நடு வயிறு உப்பிய, உள்ளே ஒன்றுமில்லாத, கண்ணாடி மாதிரியான பிளாஸ்ரிக்.

"இதென்ன குலம், பிளாஸ்ரிக்கில செய்த பப்பாசிப்பழமோ?"

"அது சின்னப் பிள்ளையளின்ர சாமான். உனக்கு விளங்காது. தேத்தண்ணியைக் குடி."

வாங்க வருகிற ஆட்களுக்கெல்லாம் அதைக் காட்டிப் பகிடி விட்டேன். இதுக்குள்ள விதை இல்லை அக்கா, வெட்டிச் சாப்பிடுறது சுகம். எல்லாரும் சிரித்தார்கள். குலமும் சிரித்தான். இப்போது யோசித்தால், அவன் கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தான்.

முதல்தரம் நாக்கு வெளுத்தபோது குலம்தான் பார்த்தான். "அக்கரமடா. ஒரு துளி மருந்து தாறன், நாலு நேரம் விடு. வெளியில விக்கிற விலை இல்லை, உனக்கெண்டபடியால் குறைச்சுத் தாறன்." இந்தியாவிலிருந்து வந்த மஞ்சள் மருந்து. பத்து நாளில் போய்விட்டது. ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. இன்னொரு போத்தல். அதுவும் போய், திரும்பி வந்தது. சோறு பட்டால் நாக்கு எரியும். பிளேன்ரீ பட்டால் எரியும். பகிடி சொல்லும்போதும் எரியும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம்தரம் போத்தல் வாங்கக் கையில் காசில்லை என்று சொன்னேன். குலம் யோசித்துவிட்டு, "அப்ப பழைய காலத்து ஊதா மருந்தைப் பூசு. மலிவு," என்றான். மலிவுதான். அந்த மருந்தை விட்டால் வாய், உதடு, நாடி எல்லாம் நாவற்பழம் தின்ற நிறம். என் மகள் சுபா கண்ணாடியைக் கொண்டுவந்து பிடித்து, "அப்பா, நீங்கள் களவெடுத்துச் சாப்பிட்ட மாதிரி இருக்கு," என்றாள்.

அந்த வாயோடு அடுத்த நாள் வேலைக்குப் போனேன். வழியில் செக் பொயின்றில் பஸ்ஸை நிற்பாட்டி எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரப் பொடியன் என் அடையாள அட்டையை வாங்கிப் பெயரை வாசித்தான். சிங்களத்தில் ஏதோ கேட்டான். நான் பணிவாகப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

அவன் இரண்டடி பின்னால் பாய்ந்தான். "கட அரின்ன! கட அரின்ன!"

வாயைத் திற என்கிறான். திறந்தேன். இன்னும் கத்தினான். நாலு பேர் ஓடி வந்தார்கள். ஒருவன் என் தாடையைப் பிடித்து நெரித்தான், இன்னொருவன் தண்ணீர் கொண்டுவா என்று கத்தினான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிடிபட்ட இயக்கப் பொடியன்போல நான் சயனைட் கடித்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள்.

"பெஹெத், மாத்தயா, பெஹெத்!" மருந்து, ஐயா, மருந்து என்று கத்தினேன். விரலை வாய்க்குள் விட்டு ஊதாவைத் தொட்டு என் வெள்ளைச் சேட்டில் கோடு இழுத்துக் காட்டினேன். வயதான சார்ஜன் ஒருவர் வந்தார். குனிந்து என் வாய்க்குள் பார்த்தார். தன் பேரப்பிள்ளைக்கும் இதே மருந்துதான் பூசினார்கள் என்று மற்றவர்களுக்குச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அடையாள அட்டையைப் பொக்கெற்றில் போட மறந்து கையிலேயே பிடித்திருந்தேன்.

அன்று மாலை இந்தக் கதையைக் குலத்தின் கடையில் நடித்துக் காட்டினேன். அவன் மட்டும் சிரிக்கவில்லை. "நீ இனி ஸ்பெஷலிஸ்ட் ஒருவரைச் சனல் பண்ணு," என்றான்.

சனல் பண்ணுவது என்றால், காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சும்மா பார்க்கிற பெரிய டொக்டரை மாலையில் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டிப் பார்ப்பது. எங்கள் ஆட்களுக்குச் சும்மா கிடைக்கிற டொக்டரில் நம்பிக்கை இல்லை. அதே டொக்டர், அதே கண்ணாடி, அதே சேட்டு. காசு கட்டினால்தான் அவருக்கு மூளை வேலை செய்யும் என்று எங்களுக்கு ஒரு எண்ணம். மங்கையும் நானும் இரண்டு மணித்தியாலம் வரிசையில் இருந்தோம். உள்ளே மூன்று நிமிடம்.

"வேற ஏதும் மருந்து பாவிக்கிறீங்களோ?"

"இல்லை, டொக்டர்," என்றேன்.

இந்தப் பதிலுக்காக என்னை யாரும் அடித்தாலும் நான் வாங்கிக்கொள்வேன். ஆனால் நான் பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் பாமசியில் காசு கொடுத்து வாங்குவது. சொக்லேட்டோடும் சோப்போடும் சேர்ந்து தம்பியிடமிருந்து வருகிற சாமான் என் கணக்கில் மருந்தில்லை. சேட்டுப் பொக்கெற்றில் அந்தப் பஃப் கிடக்கக் கிடக்க, டொக்டரின் முகத்தைப் பார்த்து இல்லை என்றேன்.

அவர் ஒரு குளிசை எழுதினார். நல்ல குளிசை, ஆனால் ஒரு குளிசையின் விலைக்கு ஒரு கோழி வாங்கலாம். நாலாம்தரமும் நாக்கு வெளுத்துத் திரும்பிப் போனபோது அவர் பேனையை மூடி வைத்துவிட்டு, மங்கை பக்கத்தில் இருக்கும்போதே கேட்டார், வெளிநாட்டுக்குப் போய்வந்தீர்களா, இரத்தம் ஏற்றினார்களா, வேறு பெண்களோடு பழக்கம் உண்டா என்று.

மங்கைதான் முதலில் வாய் திறந்தாள். "இவரோ டொக்டர்? றோட்டுக் கடக்கவே என்ர கையைப் பிடிக்கிற ஆள்."

டொக்டர் சிரிக்கவில்லை. வளர்ந்த ஒருவருக்கு அக்கரம் இப்படித் திரும்பித் திரும்பி வந்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி எங்கேயோ விழுந்திருக்கிறது என்று அர்த்தம் என்றார். சீனி வருத்தமாக இருக்கலாம். அல்லது மற்றது. மற்றதன் பெயரை ஆங்கிலத்தில் நாலு எழுத்தாகச் சொன்னார். அந்த நாட்களில் அந்த நாலு எழுத்தை நாங்கள் விளம்பரப் பலகையில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

வெளியே வந்து கொள்ளுப்பிட்டிச் சந்தியில் இரண்டு பேரும் நின்றோம். இருவரும் ஒரே விசயத்தைத்தான் யோசித்தோம். எங்கள் அனெக்ஸ் வீட்டுக்கார அன்ரி நல்ல மனுசி. பொலிஸில் கொடுக்கிற பதிவுப் பத்திரத்தில் நாங்கள் இன்னார் என்று தன் கையால் ஒப்பம் வைத்தவ. அந்த ஒப்பம் இல்லாவிட்டால் கொழும்பில் எங்களுக்குக் கூரை இல்லை. ஆனால் இந்த நாலு எழுத்து காதில் விழுந்தால் எந்த நல்ல மனுசியும் கதவைப் பூட்டுவா. சுபாவுக்குப் பள்ளிக்கூட ஓ.எல். சோதனைக்கு மூன்று மாதம் இருந்தது.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ," என்றாள் மங்கை.

நான் ஒருவனுக்கு மட்டும் சொன்னேன். குலத்துக்கு.

ஸ்டூலில் இருந்து, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, எல்லாம் சொன்னேன். அவன் முகம் வெளிறிப்போனது. "அப்பிடி ஒண்டும் இராது," என்று மட்டும் சொன்னான். என் பிளேன்ரீ கண்ணாடி அலுமாரியின் மேல் ஆறிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே பப்பாசிப்பழம்.

இரத்தச் சோதனைக்குப் போகும் முன்பே தண்ணீர் விழுங்க முடியாமல் போய்விட்டது. தொண்டைக்குள் முள்ளுக்கம்பியை இறக்கின மாதிரி. தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கட்டிலுக்கு எவ்வளவு என்று மங்கை விசாரித்துவிட்டு வந்து, என் சாரம் இரண்டை மடித்து ஒரு பையில் வைத்தாள். அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

வார்ட்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், தலைமாடு கால்மாடாக. என் பங்காளி நுகேகொடைச் சந்தையில் வாழைப்பழம் விற்கிற, என் வயதுக்காரர். அவருக்கும் முட்டு. சிங்களத்தில் என்னை அய்யே, அண்ணை, என்பார், நான் அவரை மல்லி, தம்பி, என்பேன். அவர் காலில் சந்தைச் சேறு இன்னும் போகவில்லை. என் காலைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ, சொல்லவில்லை.

அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம். காலையும் மாலையும் ஒரு பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தலை எடுப்பார். அதன் அடியில் ஓட்டை. ஓட்டையில் தன் பஃபைச் செருகி, போத்தலின் வாயைத் தன் வாயில் வைத்து, அமத்தி, நிதானமாக இழுப்பார். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரை வாயில் விட்டு, கொளகொளவென்று கொப்பளித்துத் துப்புவார். ஏழை மனுசன், பஃபை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். கதைத்தால் தொண்டை எரிந்ததால் சுபா எனக்கொரு கொப்பி தந்திருந்தாள், பகிடிகளை அதில் எழுதிக் காட்டச் சொல்லி. அதில் எழுதினேன்: "என் கட்டில் பங்காளி போத்தலில் நாதஸ்வரம் வாசிக்கிறார்." சுபா வாசித்துவிட்டுச் சிரித்தாள். என் பஃப் தலையணைக்குக் கீழே இருந்தது. வார்ட்டில் பதியும்போதும் மருந்து ஒன்றும் பாவிப்பதில்லை என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

தொண்டைக்குள் கமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். முதலில் கசப்பு மருந்து அடித்துத் தொண்டையை மரத்துப்போகப் பண்ணுவார்கள். பிறகு பக்கவாட்டில் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவே ஒரு வளையம் வைத்து, கறுப்புக் குழாயை இறக்குவார்கள். கதைக்காதே, அசையாதே என்றார்கள். நான் கதைக்காமல் இருந்த முதல் கால் மணித்தியாலம் அதுதான். வெள்ளைப் படிவு உணவுக் குழாய் வரைக்கும் இறங்கிவிட்டதாம். இரத்தம் எடுத்தார்கள். சீனிக்கு ஒரு குப்பி, மற்றதுக்கு ஒரு குப்பி. முடிவுக்கு ஐந்து நாள் ஆகும் என்றார்கள்.

அந்த ஐந்து நாளைப் பற்றி எழுத எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. கொட்டாஞ்சேனையில் இருக்கிற மங்கையின் அக்கா தினமும் மத்தியானம் கஞ்சி காய்ச்சி அனுப்பினா, புளி உப்பு ஒன்றும் இல்லாமல், ஆறவைத்து. மங்கை கரண்டி கரண்டியாகப் பருக்குவாள். சோதனை பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். தாதி வரும்போதெல்லாம் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள்.

பார்வையாளர் நேரத்துக்குக் குலம் ஒரு நாளும் தவறவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, இரண்டு பஸ் மாறி, வாசலில் ஆமிச் சோதனைக்கு வரிசையில் நின்று வருவான். கட்டில் விளிம்பில் இருந்து என் கையைப் பிடித்துக்கொள்வான். நாலாம் நாள் நான் மெல்லச் சொன்னேன், "அதுவா இருந்தா, மங்கையையும் பிள்ளையையும் நீதான் பாக்க வேணும்."

"விசர்க் கதை கதையாத. எது எண்டாலும் நான் நிக்கிறன்," என்றான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து என் கையில் விழுந்தது. என் அப்பா செத்த வீட்டிலும் அவன் அப்படி அழவில்லை.

ஆறாம் நாள் காலை வார்ட் டொக்டர், ஒரு இளம் பெண், கடதாசியோடு வந்தார். சீனி இல்லை. மற்றதும் இல்லை. மங்கை அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். டொக்டர் மட்டும் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அப்படியென்றால் ஏன் வருகிறது என்று தனக்குத்தானே கேட்டார்.

பதிலைக் கண்டுபிடித்தது தாதி. நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். தலையணை உறை மாற்ற வந்தவ பஃபைத் தூக்கிப் பிடித்து, "இது யாருடையது?" என்று சிங்களத்தில் கேட்டா. என்னுடையது என்றேன். எப்படி எடுக்கிறீர்கள், காட்டுங்கள் என்றா. நான் பெருமையாக அமத்தி இழுத்துக் காட்டினேன்.

"பிறகு?"

"பிறகு பொக்கெற்றில் போடுவேன்."

"வாய் கழுவமாட்டீர்களா?"

"ஒருவரும் சொல்லவில்லை, மிஸ்."

"பெட்டியில் எழுதியிருக்குமே?"

"பெட்டி வரவில்லை. பஃப் மட்டும்தான் வந்தது."

மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தா. டொக்டரைக் கூப்பிட்டா. டொக்டரும் சிரித்தார். வாழைப்பழக்காரரும் சிரித்தார். எனக்கு விளங்கப்படுத்தினார்கள். அந்த மண்ணிறப் பஃபில் இருப்பது ஸ்டீரொயிட். நெஞ்சுக்குள் போனால் மூச்சுக் குழாயின் வீக்கத்தை ஆற்றும், நல்லது. ஆனால் நேரே வாயில் வைத்து அடித்தால் பாதிக்கு மேல் நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். அந்த இடத்தில் உடம்பு வைத்திருக்கிற செக் பொயின்றை அது எடுத்துவிடும். பூஞ்சணம் எல்லார் வாயிலும் கொஞ்சம் ஒளித்திருப்பதுதான். காவல் இல்லையென்றால் ஊர் முழுக்கப் பரவும். அதற்கு வழி இரண்டு. ஒன்று, நடுவில் ஒரு வெற்றுக் குழாயை வைத்து இழுத்தால் பெரிய துளி குழாய்ச் சுவரில் ஒட்டும், நுண்ணிய துளி மட்டும் நெஞ்சுக்குப் போகும். கடையில் விற்கிற குழாய் விலை கூட, கிடைப்பதும் இல்லை, அதனால் வார்ட்டில் தண்ணீர்ப் போத்தலில் செய்கிறோம் என்றார்கள். இரண்டாவது, பஃப் எடுத்தவுடன் வாயைக் கொப்பளித்துத் துப்பவேண்டும்.

நாதஸ்வரம் வாசித்த மல்லிதான் எனக்குப் போத்தல் செய்து தந்தார். கம்பியைச் சூடாக்கி அடியில் ஓட்டை போட்டு, பஃபின் வாய்க்கு அளவாகச் சீவி, "இந்தாங்கள் அய்யே, வாசியுங்கள்," என்றார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தக் கொப்பியை யார் மொழிபெயர்த்துக் காட்டினார்களோ. சுபாவில்தான் எனக்குச் சந்தேகம்.

இரண்டு கிழமைக்குக் குளிசை சும்மா கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வருடமாக நான் தேடின வைத்தியத்தின் மொத்தச் செலவு, குடித்துவிட்டு எறிகிற ஒரு போத்தலும் குழாய்த் தண்ணீரும்.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அன்ரியின் போனில் யோகன் எடுத்தான்.

"அண்ணை, உயிரோட இருக்கிறியளோ? ஒரு வருசமா ஒரு காயிதம் இல்லை. என்னில என்ன கோவம்?"

"நீயெல்லோ எழுதிறதை நிப்பாட்டினனி!"

"நானோ? ஒவ்வொரு பார்சலுக்கையும் வைச்சனான். கடதாசி எல்லாம் உரிச்சுப்போடுவினம், வாயைக் கொப்பளியுங்கோ எண்டு பெரிய எழுத்தில எழுதி வைச்சனான். அந்தக் குழாயையாவது பாவிக்கிறியளே? மூண்டு அனுப்பினனான்."

"என்ன குழாய்?"

"பிளாஸ்ரிக் குழாய். ரெண்டு பாதியா வரும். பூட்டினா நடு வயிறு உப்பின மாதிரி..."

"பப்பாசிப்பழம் மாதிரியோ?"

"ஓம், ஓம், அதேதான்! அப்ப கிடைச்சதே?"

நான் அன்ரியின் சுவரில் தொங்கின கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிடைத்தது என்று சொன்னேன்.

அன்று மாலை ஸ்டூலில் போய் இருந்தேன். குலம் பிளேன்ரீ வைத்தான். நான் அதைத் தூக்கி ஒருபக்கம் வைத்துவிட்டு, கண்ணாடியில் விரலால் தட்டினேன்.

"குலம், இது என்ன விலை?"

"ஆருக்கு?"

"எனக்கு."

"உனக்கேன்? அது சின்னப் பிள்ளையளின்ர..."

"யோகன் கதைச்சவன்."

அவன் கையில் இருந்த குளிசைக் கடதாசியை மடித்தான், திரும்ப விரித்தான். மருந்து வாங்க வந்த ஒருவரைப் பிறகு வரச் சொன்னான்.

"முதல் குழாயை விக்க வேணும் எண்டு எடுக்கேல்லையடா. பார்சல் பிரிச்ச அண்டைக்கே ஒரு தாய் பிள்ளையோட ஓடி வந்தா. பிள்ளை முட்டில நீலம் பாஞ்சுபோச்சு. குடுத்தன். உனக்குப் பிறகு சொல்லுவம் எண்டிருந்தன்."

"சும்மா குடுத்தனியோ?"

"இல்லை."

"மற்றது?"

"கேட்டு வேற ஆக்கள் வந்தினம். இஞ்ச எங்கயும் கிடையாது. நல்ல விலைக்குப் போச்சு." அலுமாரியைப் பார்த்தான். "இது கடைசி."

"சரி, வித்தாய். வாயைக் கொப்பளியடா எண்டு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே. தண்ணியையும் நீ விக்கிறியோ?"

"சொன்னா ஆர் சொன்னது எண்டு கேப்பாய். காயிதம் வந்ததோ எண்டு கேப்பாய். நீ தோண்டித் தோண்டிக் கேக்கிற ஆள்." குரல் இறங்கியது. "பிறகு நீ மாசம் மாசம் மருந்து வாங்கினாய். அந்தக் காசும் தேவையா இருந்தது, அதை மறைக்கமாட்டன்."

"ஆஸ்பத்திரியில என்ர கையைப் பிடிச்சு அழுதாய், குலம்."

"அது பொய்யில்லை," என்றான். "அது உண்மையா அழுதனான்."

அவன் சொன்னதை நான் நம்பினேன். அதுதான் கேடு. அவன் நடித்தான் என்றால் பேசிவிட்டு எழும்பி வந்திருக்கலாம். ஐந்து நாள் நான் சாகப்போகிறேன் என்று நினைத்திருந்தேன், மங்கை தெருவுக்கு வரப்போகிறோம் என்று நினைத்திருந்தாள், இவன் காரணம் தெரிந்துகொண்டே பக்கத்தில் இருந்து உண்மையாக அழுதிருக்கிறான்.

மேசை லாச்சியைத் திறந்து, பில் புத்தகங்களுக்கு அடியிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்து நீட்டினான். எறிய மனம் வரவில்லையாம். பிறகு அலுமாரியைத் திறந்து குழாயையும் எடுத்து, ஒரு துணியால் துடைத்து, கண்ணாடியின் மேல் வைத்தான்.

"கொண்டுபோ. காசு வேண்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னுடைய சாமானை எனக்கே குறைத்துத் தருகிறான். நான் சிரிக்க அவனும் சிரிக்கப் பார்த்தான். என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான். கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு எழும்பினேன். பிளேன்ரீயைக் குடிக்கவில்லை.

மூன்றாவது கடிதத்தின் கடைசியில் யோகன் எழுதியிருந்தான்: "அண்ணை, நான் ஏதும் பிழை விட்டிருந்தால் சொல்லுங்கோ. பேசாமல் இருக்காதேங்கோ."

வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மண்ணிறப் பஃப் எடுக்கிறவர்கள் கொப்பளியுங்கள், விழுங்காமல் துப்புங்கள். டொக்டர் என்ன பாவிக்கிறீர்கள் என்று கேட்டால் பார்சலில் வந்ததையும் சொல்லுங்கள். போத்தல் செய்ய முன் கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள். அங்கே சும்மா சொல்லித்தருவார்கள்.

எனக்கு அக்கரம் பிறகு வரவில்லை. ஆனால் காலையில் பஸ்ஸுக்கு நிற்கிற இடம் மாறவில்லை, குலத்தின் கடைக்கு நேரெதிர். நான் அங்கே நின்றுதான் பஃப் எடுக்கிறேன். வீட்டில் எடுக்கலாம் என்று மங்கை சொல்கிறாள். எடுக்கலாம்தான்.

நேற்றும் போத்தலில் பஃபைச் செருகி இழுத்துவிட்டு, ஒரு மிடறு தண்ணீரை வாயில் விட்டேன். குலம் கடைக்கதவைத் தூக்கிக்கொண்டு நின்றவன் என்னைக் கண்டான். படியில் இறங்கி வந்து, வாகனங்களுக்கு மேலால் கூப்பிட்டான்.

"பரமு! டேய் பரமு! ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போவன்!"

நான் உப்பியிருந்த என் கன்னத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். வாயில் தண்ணீர் இருக்கிற மனிதன் எப்படிக் கதைக்கிறது? அவன் காத்துக்கொண்டு நின்றான், நான் துப்புவேன் என்று. பஸ் வந்தது. ஏறினேன். கொண்டக்டர் எங்கே என்று கேட்டதற்கும் கையாலேயே காட்டினேன்.

பம்பலப்பிட்டி வரைக்கும் அந்தத் தண்ணீரை வாயில் வைத்திருந்தேன்.